முயலுக்கு வாங்குன மூலை ட்ரே: 2 ஸ்டார், அதுவும் பெல்லட்டுக்காக

முதல்லயே சொல்லிடறேன், முயல் கக்கூஸ் போறதுக்கு மூலையில வைக்கற இந்த ட்ரே தண்டம், அதுக்குள்ள ஈரத்த உறிஞ்சப் போடறதுக்குக் கூட வந்த பேப்பர் பெல்லட் (காகித உருண்டை, தீனி இல்ல) நல்ல சரக்கு. ரெண்டையும் காம்போன்னு சேர்த்து 899 ரூபாய்க்கு வித்ததால சேர்த்துதான் ஸ்டார் போட வேண்டியிருக்கு, இல்லன்னா பெல்லட்டுக்கு 4 கொடுத்திருப்பேன், ட்ரேக்கு ஒண்ணு குடுக்கறதே ஜாஸ்தி.

எங்க வீடு தஞ்சாவூர் கரந்தையில, பழைய வீடு, கூடம் முழுக்க ரெட் ஆக்சைடு தரை. பரீட்சையில நல்ல மார்க் வாங்குனா முயல் வாங்கித் தரேன்னு பொண்ணுகிட்ட அவங்கப்பா வாயக் குடுத்துட்டாரு, அவ வாங்கிட்டா, பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டு மாசக் குட்டி வந்து எறங்கிடுச்சு. பேரு மொச்சை, அந்த நிறம். வந்த அன்னிக்கே கூடம் பூரா மிளகு கொட்டுன மாதிரி புழுக்கை. ஒரு முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும்னு அப்ப எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அத்தை (மாமியார்) வாசப்படியே ஏற விட்டிருக்க மாட்டாங்க.

சரின்னு உடனே ஆர்டர் போட்டது இந்த ட்ரே. முக்கோணமா இருக்கும், மேல பிளாஸ்டிக் வலை, பின்னாடி ரெண்டு கொக்கி. கொக்கி கூண்டுக் கம்பியில மாட்டறதுக்கு, நாங்க கூண்டுல அடைக்கல, கூடத்துல 4 அடிக்கு 4 அடி தடுப்பு கட்டி விட்டிருந்தோம், அதனால மாட்ட எடமில்ல, மொச்சை அத பல்லால கவ்வித் தூக்கி எறிவான், ராத்திரி ரெண்டு மணிக்கு டங்குன்னு சத்தம் கேக்கும். அதுகூட பரவாயில்ல, சைஸுதான் பெரிய கொடுமை. ரெண்டு மாசத்துல உள்ள அடங்குனவன் மூணாவது மாசத்துல முன்னங்கால் ரெண்டும் உள்ள, பின்பக்கம் வெளியன்னு உக்காருவான். அவன் நெனப்புல அவன் ஒழுங்கா ட்ரேக்குள்ளதான் இருக்கான், மூத்திரம் மட்டும் வெளிய தரையில ஓடும். இதுக்கு அவனத் திட்டி என்ன பிரயோஜனம். திட்டுனாலும் அதுக்குப் புரியாது, நம்மளக் கண்டா ஓடி ஒளியும், அவ்ளோதான்.

ட்ரேயோட வந்த துண்டுச்சீட்டுல மூலையில வச்சா முயல் தானா பழகிடும்னு ஒரே வரி. தானால்லாம் ஒண்ணும் இல்லங்க. எந்த மூலைன்னு முடிவு பண்றது அது, நாம இல்ல. நான் வாசப்பக்கம் வச்சேன், அவன் அரிசி டிரம் பக்கத்து மூலையப் பிடிச்சுக்கிட்டான், மூணு நாள் மல்லுக்கட்டிட்டு நான்தான் எறங்கி வந்து ட்ரேய அங்க கொண்டு போனேன். வெளிய போட்ட புழுக்கைய ஒண்ணொண்ணா பொறுக்கி உள்ள போடணும், மூத்திரத்த டிஷ்யூல ஒத்தி அந்த டிஷ்யூவையும் உள்ள வைக்கணும், வாசனை அங்க இருந்தா அங்கதான் போவான். அது பழகுற வரைக்கும் வீடு முழுக்க அவுத்து விடக் கூடாது, நான் ஆசைப்பட்டு ஒரு வாரத்துலயே தடுப்ப எடுத்துட்டு மறுபடி முதல்லேந்து ஆரம்பிச்சேன். அப்புறம் தரை வழுக்குதேன்னு (முயல் பாதத்துல நாய் மாதிரி மெத்தை கிடையாது, வெறும் முடிதான்) ஒரு பழைய மெத்தை விரிப்ப போட்டேன் பாருங்க, மெத்துன்னு எது இருந்தாலும் அது கக்கூஸ்னு எடுத்துக்கறான். இப்ப கோரைப்பாய் போட்டிருக்கு, அதுல போறதில்ல, ஓரத்தக் கொறிக்கிறதோட சரி.

நெஜமா வேலை செஞ்சது என்னன்னா புல்லு. முயல் மென்னுக்கிட்டே போற ஜாதி, அதனால காய்ஞ்ச புல்ல ட்ரேயோட ஒரு பக்கத்துலயே போட்டா உள்ள ஏறி உக்காந்து தின்னுக்கிட்டே எல்லாத்தையும் முடிச்சிடும். நம்ம வீட்ல இது எப்படி எடுபடும்? திங்கற எடத்துலயா இந்தக் கண்றாவின்னு அத்தை ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதோட ஒரு நாள் அவன் குனிஞ்சு பின்னாடி வாய வச்சு எதையோ முழுங்கறதப் பாத்துட்டாங்க, கேக்கவே வேணாம். அது சாதாரணப் புழுக்கை இல்ல அத்தை, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி மெதுவா ஒண்ணு வரும், அத திரும்பத் தின்னாத்தான் அதுக்கு சத்து ஒட்டும்னு சொன்னேன், "நீ ஒண்ணும் வெளக்க வேணாம்மா"ன்னு காபியக் கீழ வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.

உள்ள போடற சரக்குக்கு வர்றேன். இங்க ஒரு பெட் ஷாப்புல பூனை கக்கூஸுக்குப் போடற மண்ண நீட்டி முயலுக்கும் இதான்னாங்க. வாங்காதீங்க, அது ஈரம் பட்டா கட்டியாகுற மண்ணு, முயல் எல்லாத்தையும் கொறிக்கும், வயித்துக்குள்ள போயி கட்டிக்கிட்டா ஆபத்து, வாந்தி எடுக்கவும் அதால முடியாது. நெல்லு ஊராச்சே, உமி கேட்டா மூட்டையா கெடைக்கும்னு மில்லுலேந்து கொண்டாந்தோம், ஃபேனப் போட்டதும் கூடமே களத்துமேடு ஆயிடுச்சு. சாமில் மரத்தூள் இன்னும் மோசம், தும்மிக்கிட்டே இருந்தான். சம்பா அறுப்பு முடிஞ்ச நேரம், திருவையாறு பக்கம் சொந்தக்காரங்க வைக்கோல் குடுத்தாங்க, மேலாக்கப் போட ஓகே, ஆனா ஈரத்தக் குடிக்காது, பூஞ்சை புடிச்ச கட்டா இருந்தா கிட்டவே சேக்காதீங்க, சாப்பாடாவும் அத நம்ப முடியாது. சாப்பாட்டுக்கு அருகம்புல் காயவச்சுப் போடறோம், பிள்ளையாருக்கு அடுத்து எங்க வீட்ல அருகம்புல்லுக்கு இன்னொரு ஆள்.

அங்கதான் இந்த பேப்பர் பெல்லட் ஜெயிக்குது. அரை இன்ச் போட்டா போதும், ஈரம் பட்டா உப்பி வாசனைய உள்ளயே வச்சுக்குது, தூசி இல்ல. வெல மட்டும் கடிக்குது, அதனால நான் அடியில பெல்லட், மேல வைக்கோல்னு போட்டு 3 கிலோ பாக்கெட்ட ஒரு மாசத்துக்கு மேல ஓட்டறேன். அக்னி நட்சத்திர சமயத்துல மட்டும் தெனமும் மாத்தணும், அந்த சூட்டுல மத்தியானத்துக்கே கண்ணு எரியற வாடை வந்துடும்.

ட்ரேக்குப் பதிலா என்ன வச்சேன்னு கேப்பீங்க. கொத்தனாருங்க சிமெண்ட் அள்ளற கறுப்பு பிளாஸ்டிக் பாண்டு, கீழவாசல்ல ஹார்டுவேர் கடையில 130 ரூபா. முழு ஒடம்பும் உள்ள போகுது, திரும்பி உக்கார எடம் இருக்கு, தூக்கி எறிய முடியல. அடியில வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படியும், அது முயல் மூத்திரத்துல போற கால்சியம், அத்தை குத்துவிளக்கு தேய்க்கிற புளியால தேய்ச்சாங்க, பாதிதான் போச்சு, வெள்ளை வினிகர் ஊத்தி அரை மணி ஊறவச்சா பூராவும் கழண்டு வந்துடும்.

ஒரு தடவ மூத்திரம் ஆரஞ்சும் செவப்புமா இருந்துச்சு, பொண்ணு அழுது ரகளை, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு ஓடுனோம். இலை தழையில இருக்கற நிறமியால அப்படி வர்றது சகஜம்தான், ரத்தமான்னு டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்னாங்க, டெஸ்டுல ஒண்ணும் இல்ல. அஞ்சாவது மாசத்துல பழகுனதையெல்லாம் மறந்துட்டு செவுத்துல பீச்சி அடிக்க ஆரம்பிச்சான், அது ட்ரேயோட குத்தம் இல்ல, வயசுக் கோளாறு. முயல் பாத்துப் பழகுன டாக்டராத் தேடி கருத்தடை ஆபரேஷன் பண்ணோம். நாய் பூனை மாதிரி முதல் நாள் பட்டினி போடக் கூடாது, கடைசி வரைக்கும் புல்லு குடுக்கணும்னு அவரே சொன்னாரு. அப்புறமும் சில வாரம் அடிச்சுட்டுத்தான் நின்னுச்சு.

இப்ப மூத்திரம் நூத்துக்கு நூறு பாண்டுலதான், புழுக்கை நாலஞ்சு வெளிய உருளும், காய்ஞ்சதுதான், பெருக்கிடலாம். அதையும் நான் பெருக்கறதில்ல, மல்லிச் செடிக்கு நேராவே போடலாம்னு யாரோ சொன்னதுலேந்து அத்தையே காலையில முறத்தோட வந்து நிக்கறாங்க. முக்கோண ட்ரே மாடியில இருக்கு, கழுவிட்டு அதுல புதினா வச்சிருக்கோம்.

பெல்லட்ட மட்டும் தனியா வித்தா சொல்லுங்க, நான் ரெண்டு பாக்கெட் எடுத்துக்கறேன்.