கிளென்ஃபார்க்ளஸ் 15, 25: நடுவில் இருக்கும் பத்து வருடத்துக்கு என்ன மதிப்பு?

இரண்டும் விஸ்கி. ஒரே டிஸ்டில்லரி (வடிசாலை), இரண்டுமே ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்தவை. வித்தியாசம் பத்து வருடம். விலை மட்டும் மடங்குக் கணக்கில் ஏறுகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில், 1865 முதல் கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கும் கிளென்ஃபார்க்ளஸின் இந்த இரண்டு சிங்கிள் மால்ட்டையும் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) அருகருகே வைத்து ருசித்தேன். வயதுக்குத் தரும் காசை எடைபோட இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

வாய் குவிந்த கோப்பைகளில் ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் தொடவில்லை. ஆல்கஹாலின் காரம் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான்.

15-இன் வாசனையில் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், அக்ரூட், கடைசியில் லேசாக ஜாதிக்காய். 46 சதவீத ஆல்கஹால் வீரியம். நாக்கில் எண்ணெய்ப் பதமாகக் கனத்து நிற்கிறது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் இனிப்பு முன்னுக்கு வருகிறது, கனம் குறையவில்லை.

25-ஐ மூக்கருகே கொண்டுபோனதும் அசந்துபோனேன். பழைய தோல் பை, புகையிலை, கசப்புச் சாக்லேட், வெகுநாள் மூடிக்கிடந்த மர அலமாரியைத் திறந்த வாசம். வாசனையில் இதுதான் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. ஆனால் வாயில் வைத்தால் ஓக் மரத்தின் துவர்ப்பு, ஆறிப்போன கடுந்தேநீர் மாதிரி, நாக்கின் ஓரங்களைப் பிடிக்கிறது. இதன் வீரியம் 43 சதவீதம்தான். தண்ணீர் பட்டதும் பழச்சுவை மெலிந்து, துவர்ப்பு தூக்கலாகிவிடுகிறது. இதில் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம்.

சரி, விலைக்கு வருவோம். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள்; வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. 500 லிட்டர் பீப்பாயில் 15 வருடம் கழித்து ஏறக்குறைய 370 லிட்டர் மிஞ்சும், 25 வருடத்தில் 300. அதாவது கடைசிப் பத்து வருடத்தில் குறைவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் எதற்கு இந்த விலை? அத்தனை வருடம் முடங்கிக் கிடந்த முதலுக்கும் கிடங்குக்கும் ஒரு பகுதி. மீதி, அவ்வளவு காலம் தாங்கி நல்லபடியாக வந்த பீப்பாய்கள் குறைவு என்பதற்காக. லேபிளில் உள்ள எண், பாட்டிலில் கலந்திருப்பதிலேயே மிக இளைய விஸ்கியின் வயது. சுவைக்குப் போட்ட மதிப்பெண் அல்ல.

மறுநாள் காலை கழுவாத கோப்பைகளை முகர்ந்து பார்த்தேன். 15-இல் லேசான இனிப்பு வாடை மட்டும். 25-இல் தோலும் திராட்சையும் அப்படியே இருந்தன. அந்த வாசத்துக்காகவே அதை ஒரு முறையாவது ருசித்துப் பார்க்க வேண்டும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கினால் போதும். தனியாகக் காசு போட்டு முழு பாட்டில் வாங்குவதென்றால், நான் எடுப்பது 15-தான்.