குன்னூரில் வாங்கிய பழைய ஆங்கில அகராதி

குன்னூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையைத் திறந்ததும் மலைக்கே உரிய பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது, வெயிலில் காயவைக்கலாம் என்றால் ஆடி மாசத்தில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? நடுவில் நாலு பக்கம் வேறு காணோம், கடைக்காரர் மூச்சே விடவில்லை.

ஆனால் ‘குவோத்’ என்ற ஒரு சொல்லுக்கே காசு தகும். ‘சொன்னான்’, ‘சொன்னேன்’ என்று பொருள். இறந்தகாலம் மட்டும்தான், ‘சொல்கிறான்’ என்றோ ‘சொல்வான்’ என்றோ இதில் வராது. சொன்னவர் பெயரும் இதற்குப் பின்னால்தான் வரும், அதாவது ‘சொன்னான் ராமன்’ என்கிற மாதிரி, நம் பழைய நூற்பாக்களில் வரும் ‘என்மனார் புலவர்’ போலவே! இன்றைக்கு யாராவது எழுதினால் கிண்டலுக்குத்தான். ஆனால் அதன் ரத்த சொந்தமான ‘பிக்வீத்’, உயில் எழுதி வைப்பது, வக்கீல் ஆபீசில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அச்சு பொடிசு, கண்ணாடி இல்லாமல் முடியாது. அப்புறம், வாங்கும் முன் பக்கங்களை எண்ணிக்கொள்ளுங்கள். அஞ்சுக்கு மூணரை.