செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை மூலத்திலேயே படிக்க: யூர்-லெக்ஸ் தளம் ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களைக் கட்டணமின்றி வழங்கும் அதிகாரபூர்வ இணையதளம் யூர்-லெக்ஸ். ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஜூலை 12 அன்று அரசிதழில் வெளியானதிலிருந்து அதற்கான சுருக்கங்களுக்கும் விளக்கங்களுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் எது கடமை, எது விலக்கு, எந்த நாள் முதல் என்பதை ஐயமின்றி அறிய வேண்டியவர் மூல உரைக்கு வந்தே ஆகவேண்டும். அந்தத் தேவையை இத்தளம் எவ்வளவு நிறைவேற்றுகிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

2024/1689 என்ற எண் கொண்ட இந்த ஒழுங்குமுறை 113 பிரிவுகளும் 13 பின்னிணைப்புகளும் கொண்டது. ஆங்கில பிடிஎஃப் 144 பக்கம் வருகிறது. மேற்கோள் காட்டுவதற்கு பிடிஎஃப் வடிவமும், தேடிப் படிப்பதற்கு இணையப் பக்க வடிவமும் ஏற்றவை. ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளிலும் உரை கிடைக்கிறது. விரும்பினால் மூன்று மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். எல்லா மொழி வடிவங்களும் சட்டப்படி சமமானவை என்பதால், ஒரு தொடரின் பொருளில் ஐயம் எழும்போது இவ்வசதி வழக்கறிஞர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். மற்றவர்கள் இதைத் தொடாமலே இருந்துவிடலாம்.

தளத்தின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. பிரிவுகள் தொடங்குவதற்கு முன் 180 முகப்புரைப் பத்திகள் நிற்கின்றன. அவை தாமாகக் கடமை எதையும் விதிப்பதில்லை என்றாலும், பிரிவுகளின் நோக்கம் அவற்றில்தான் விளக்கப்பட்டுள்ளது. பணியிடங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் ஒருவரின் உணர்ச்சிகளை ஊகித்தறியும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கானவை நீங்கலாக, 5ஆம் பிரிவு தடைசெய்கிறது. அத்தகைய கருவிகளின் அறிவியல் அடிப்படையே ஐயத்துக்குரியது என்ற காரணத்தை 44ஆம் முகப்புரைப் பத்தி சொல்கிறது. அதுபோலவே, எந்த மென்பொருள் செயற்கை நுண்ணறிவு ஆகும் என்ற வரையறை 3ஆம் பிரிவில் இருக்க, சாதாரண மென்பொருளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் விளக்கம் 12ஆம் பத்தியில் இருக்கிறது. ஆனால் பிரிவிலிருந்து அதற்குரிய முகப்புரைக்குச் செல்ல இணைப்பு எதுவும் இல்லை. எந்தப் பத்தி எந்தப் பிரிவுக்கு உரியது என்பதைப் படிப்பவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபியூச்சர் ஆஃப் லைஃப் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு நடத்தும் தனித்தளம் இந்த வேலையைச் செய்து தந்திருக்கிறது. அரசுத் தளம் செய்திருக்க வேண்டியதை ஒரு தனியார் அமைப்பு செய்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தேதிகளைப் பொறுத்தும் எச்சரிக்கை தேவை. 113ஆம் பிரிவின்படி தடைகள் 2025 பிப்ரவரி 2 முதலும், ஒன்றே பலவகை வேலைகளுக்கும் உதவும் பொதுப்பயன் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கான கடமைகள் 2025 ஆகஸ்ட் 2 முதலும், எஞ்சியவற்றில் பெரும்பாலானவை 2026 ஆகஸ்ட் 2 முதலும் பொருந்தும் என்று அரசிதழ் உரை கூறுகிறது. ஆனால் அதிக ஆபத்துள்ள அமைப்புகளுக்கான கடமைகளைத் தள்ளிவைக்கும் முன்மொழிவை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்வைத்தது. அரசிதழ் உரை வெளியான நாளின் நிலையையே காட்டும் என்பதால், அதை மட்டும் படித்து எழுந்தவர் இந்தச் செய்தியை அறியாமலே போகக்கூடும். திருத்தங்களையும் தொடர்புடைய ஆவணங்களையும் தனித் தாவலில் பார்க்கும் பழக்கம் அவசியம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சட்டம் உருவான நடைமுறையைப் படிப்படியாகக் காட்டும் பக்கம். 2021 ஏப்ரலில் ஆணையம் வைத்த வரைவைத் திறந்து, அதன் அருகே இறுதிச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். பொதுப்பயன் மாதிரிகளுக்கென இன்றுள்ள ஐந்தாம் அத்தியாயம் அந்த வரைவில் இல்லை. இடையில், 2022 நவம்பரில், சாட்ஜிபிடி வந்துவிட்டது. 2023 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்ற திருத்தங்களில் அதன் தாக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கச் செய்த கணக்கீடுகளின் எண்ணிக்கை பத்தின் 25ஆம் அடுக்கைத் தாண்டினால் அந்த மாதிரி பரவலான ஆபத்துக்குரியது என்று அனுமானிக்கும் 51ஆம் பிரிவும் அவ்வாறு பின்னர் சேர்ந்ததே. ஓர் ஆட்சியமைப்பு தன் மனத்தை எவ்வாறு மாற்றிக்கொண்டது என்பதை மூல ஆவணங்களின் வழியே இவ்வளவு தெளிவாகப் பின்தொடர முடிவது அரிது; இந்த ஒரு பக்கத்துக்காகவே ஆய்வாளர்களுக்குத் தளத்தைப் பரிந்துரைப்பேன்.

தேடல் பெட்டி சற்று முரட்டுத்தனமானது. சட்டத்தின் பெயரைக் காட்டிலும் எண்ணைக் கொடுத்துத் தேடுவதே விரைவான வழி.

ஒரு நிறுவனம் தன் கருவியைச் சட்டத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டியிருந்தால், இத்தளம் மட்டும் போதாது. 2025 ஜூலையில் வெளியான பொதுப்பயன் மாதிரிகளுக்கான நடைமுறைக் கோவை தாமாக முன்வந்து ஏற்கப்படுவது, சட்டம் அன்று; அதை ஆணையத்தின் தளத்தில்தான் தேட வேண்டும். தடைகளைப் பற்றிய வழிகாட்டுதல்களையும் அங்கேயே படித்துவிட்டு, 5ஆம் பிரிவின் சொற்களைச் சரிபார்க்க யூர்-லெக்ஸுக்குத் திரும்புவது நல்லது.