பிப்பும் எஸ்டெல்லாவும்: எந்த முடிவு?

பிப் என்ற நாயகன் எஸ்டெல்லாவைக் காதலிக்கும் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு, ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவு வேறு. நண்பர் புல்வர்-லிட்டன் சொல்லி, அதை மாற்றித்தான் 1861-இல் வெளியிட்டார். எதைப் படிப்பது என்று தடுமாறுபவர்களுக்காக:

சந்திப்பு
பழையது: லண்டன் தெருவில் சில நிமிடங்கள். எஸ்டெல்லா மறுமணம் ஆனவள்.
புதியது: பாழடைந்த தோட்டம், மாலைப் பனிமூட்டம், கையோடு கை.

நம்பகம்
பழையதுதான். துன்பப்பட்டு எஸ்டெல்லாவின் மனம் கனிந்துவிட்டது. பிப்புக்கு அது தெரிகிறது, ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்த வலியை என்னால் மறக்க முடியவில்லை.

கிடைப்பது
புதியது எங்கும் கிடைக்கும். பழையது சில பதிப்புகளின் பின்னிணைப்பில்.

முதல்முறை படிப்பவர்கள் புதியதோடு முடிக்கலாம், மனசுக்கு ஆறுதல். அப்புறம் ஒருநாள், பிப்பை நன்றாகத் தெரிந்தபின், பழையதைத் தேடிப் படியுங்கள்.