வண்ணாரப்பேட்டையில் என் லேப்டாப்பைத் திறந்து பார்த்த கடை

பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. கண்ணாடிக் கதவில் ‘லேப்டாப் சர்வீஸ்’ என்று ஒட்டியிருப்பதுதான் அடையாளம்.

காசிமேட்டு ஐஸ் வியாபாரிகள் சிலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். 2018இல் வாங்கிய லேப்டாப்போ, இயக்கிவிட்டுப் போய்ப் பால் காய்ச்சி, காபி கலந்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. “பழைய மாடல், புதிது வாங்கிவிடுங்கள்” என்று 42,000 ரூபாய் சொன்னார்கள். அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

2025 நவம்பரில் இந்தக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி முதலில், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். லேப்டாப்பின் மூளையான பிராசசர் 10 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. “காதை வைத்துக் கேளுங்கள் அக்கா” என்றார். இடது மூலையில் ‘டிக், டிக்’ என்று நகம் தட்டுவதுபோல ஒரு சத்தம். இத்தனை நாள் அது மின்விசிறியின் சத்தம் என்று நினைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

என் கண்ணெதிரிலேயே கழற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் எந்த இடத்தில் எடுத்தாரோ அதே வரிசையில் முட்டை அட்டையில் போட்டார். கடற்காற்றில் இரண்டு திருகாணிகளின் தலை துருப்பிடித்திருந்தது. விசிறிக்கும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துண்டுபோல இறுகியிருந்தது; இடுக்கியால் இழுத்தபோது முழுசாகக் கையோடு வந்தது. பிராசசர் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினார்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதில், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான 256 ஜிபி எஸ்.எஸ்.டி., ஏற்கெனவே இருந்த 4 ஜிபி ராமுடன் (தற்காலிக நினைவகம்) இன்னொரு 4 ஜிபி, சுத்தம் செய்து புதுப் பசை. கூலியோடு 5,900 ரூபாய். பேட்டரியையும் மாற்றச் சொன்னேன். ஒரு மணி நேரம் நிற்கிறதே, மின்சாரம் போனால் சேமித்து மூட அது போதும் என்று மறுத்துவிட்டார்.

பணம் வாங்குமுன் அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. என் லேப்டாப்பின் பிராசசர் இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை கிடைக்கும். “வேகம் வந்துவிடும் அக்கா, ஆனால் அதற்குப் பிறகு வங்கி வேலையை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம், இல்லையென்றால் புதிது வாங்குங்கள்” என்றார். விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளான டேலி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது, ஆகவே லினக்ஸ் சரிப்படாது. அடுத்த லேப்டாப்புக்கு மாதம் 3,000 ரூபாய் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரே நாளில் 42,000 புரட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மறுநாள் மாலை தருவதாகச் சொன்னவர் மூன்றாம் நாள்தான் தந்தார். பழுதான டிஸ்கிலிருந்து கோப்புகளை எடுக்க இரண்டு இரவு ஆனதாம். போன் செய்து சொல்லியிருக்கலாம்; 20ஆம் தேதி நெருங்கிய நேரம், நான் தவித்துப்போனேன். ஆனால் ஒரு கோப்புகூடக் குறையவில்லை. இப்போது 20 விநாடிக்குள் திரை வந்துவிடுகிறது. பழைய டிஸ்கையும் உறையில் போட்டுக் கையில் கொடுத்து, வியாபாரிகளின் கணக்கு இருப்பதால் பழைய சாமான் கடையில் போட்டுவிட வேண்டாம் என்று எச்சரித்தார்.

காலை 11 மணிக்குத் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும். சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை, நடந்து போவதே நல்லது.