கருந்துளை ஆய்வு: கோட்பாடா, தரவா?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, கருந்துளைதான் என்று நிற்பவருக்கு இரண்டு வழிகள்.

ஒன்று, கோட்பாடு. இயற்பியல் முனைவர் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜெஸ்ட் எழுதி, சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு முயலலாம். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். ஆனால் கருந்துளையிலிருந்து வெளிப்படும் என்று 1974-இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கணித்த கதிர்வீச்சையே எந்தக் கருந்துளையிலும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டும் விடை சரியா என்று தெரியாமலே போகலாம். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் தற்காலிகப் பணிகள்தான்; 'எப்பப்பா நிரந்தரம்?' என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று, ஈர்ப்பலைத் தரவு. கருந்துளைகள் மோதி இணையும்போது வெளியில் பரவும் அதிர்வுதான் ஈர்ப்பலை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பிடித்த முதல் அலையின் தரவு எல்லோருக்கும் இலவசம். பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்தால் திருமங்கலத்தில் உட்கார்ந்தே அலசலாம். தற்காலிகப் பணி அலைச்சல் இதிலும் உண்டு, சரி. ஆனால் ஆராய்ச்சி கைவிட்டாலும் அந்தப் பயிற்சி வேறு வேலைக்கு உதவும். என் ஓட்டு இதற்குத்தான்.