அமெரிக்க பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம்: கலிஃபோர்னியாவா, டெக்சாஸா, மிசௌரியா?

அமெரிக்காவில் பிறந்து சென்னையிலோ துபாயிலோ வளரும் பிள்ளைகளின் பெற்றோர் பலர், பாஸ்போர்ட் இருந்தாலே அங்கே மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்-ஸ்டேட் கட்டணம், அதாவது உள்ளூர் மாணவர்களுக்கான குறைந்த கட்டணம், கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். கிடைக்காது. பாஸ்போர்ட்டை வைத்து ஃபாஃப்சா என்ற அரசுக் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பலாம், குடும்ப வருமானம் குறைவென்றால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கேட்கலாம், அவ்வளவுதான். கட்டணத்தை முடிவு செய்வது எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பது. அங்குள்ள பழைய முகவரியில், வெளிநாட்டில் வசிக்கும் வாக்காளராகப் பதிந்திருப்பது மட்டும் போதாது.

கலிஃபோர்னியாதான் ரொம்பக் கறார். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் 2025-26இல் புதிதாகச் சேர்ந்த வெளிமாநிலத்தவருக்கு வழக்கமான கட்டணத்துக்கு மேல் வருடத்துக்கு 37,602 டாலர். அதைத் தவிர்க்க, வகுப்பு தொடங்குமுன் 366 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும். பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, 24 வயதுக்குட்பட்ட பிள்ளை தனியாகப் போனால், தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதையும் நிரூபிக்க வேண்டும். பதினெட்டு வயதில் எத்தனை பேரால் முடியும்? இதற்கு நல்ல மாற்று, ஏபி 540 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் தரும் விலக்கு. அங்கே 3 வருடம் ஹைஸ்கூல் படித்து, அதை முடித்த சான்றிதழும் வாங்கியிருந்தால், பெற்றோர் எங்கே இருந்தாலும் அந்தக் கூடுதல் தொகை கிடையாது. எனவே பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போது ஊர் திரும்ப அவசரப்படாதீர்கள்.

டெக்சாஸில், பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் வசிப்பிடம்தான் கணக்கு. பெற்றோர் 12 மாதம் அங்கே வசித்து, வேலையோ சொந்த வீடோ காட்ட வேண்டும். ஆனால் இங்கே ஒரு பெரிய சலுகை உண்டு: ஹூஸ்டனிலிருந்து கம்பெனியே அபுதாபிக்கு அனுப்பிய குடும்பம், திரும்பி வரும் எண்ணத்தோடு போயிருந்தால், தற்காலிகமாக வெளியே இருப்பதாகவே கருதப்படும். கம்பெனி கொடுத்த இடமாற்றக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். வேலையை விட்டு நிரந்தரமாகக் கிளம்பியவர்களுக்கு இது பொருந்தாது.

பிள்ளை மட்டும் தனியாகப் போகிறது என்றால் என் ஓட்டு மிசௌரிக்கு. மிசௌரி பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் வெளிமாநிலக் கட்டணம்தான். ஆனால் படித்துக்கொண்டே 12 மாதம் அங்கேயே தங்கி, வரிக்குரிய வருமானமாக 2,000 டாலராவது சம்பாதித்தால், அதன்பின் உள்ளூர்க் கட்டணம் கேட்கலாம். குடியுரிமை உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். மாணவர் விசாக்காரர்களுக்கு உள்ள வேலைக் கட்டுப்பாடு இவர்களுக்கு இல்லை. அப்புறம் ஒன்று: வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் பெற்றோர் தங்கள் அமெரிக்க வரிக் கணக்கில் அந்தப் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டக்கூடாது. வழக்கம்போல ஆடிட்டர் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுமுன் சொல்லிவிடுங்கள்.